பாப்லர்: ஜெயிலுக்குப் போன நகராட்சி

ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'பாப்லரிசம்' என்று ஒரு சொல் கிடைக்கும். ஏழைகளுக்கு அளவுக்கு மீறி நிவாரணம் கொடுத்து, ஊர்ப்பணத்தைக் காலி செய்யும் உள்ளாட்சிக் கொள்கை என்கிற மாதிரி பொருள் போட்டிருப்பார்கள். ஒரு ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி அகராதியில் ஏற்றும் அளவுக்கு அந்த ஊர் என்ன பாவம் செய்தது?

பெரிதாக ஒன்றுமில்லை. வேலை போனவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றது. அந்தச் செலவில் பணக்கார ஊர்களும் பங்கு தர வேண்டும் என்றது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் சட்டத்தை மீறியது. மேயரும் கவுன்சிலர்களுமாக முப்பது பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

இன்றைக்கு பாப்லர் பரோ என்று ஒரு நகராட்சி கிடையாது. 1965ல் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊர் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. நகராட்சிதான் இல்லை. அதனாலோ என்னவோ, அந்த முப்பது பேர் பற்றிப் பேசும்போது 'சுவாரசியமான பழங்கதை' என்கிற தொனி வந்துவிடுகிறது. அது பழங்கதை இல்லை. ஏழை ஊரின் வறுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

*

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம்.

லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதி வளையும் இடத்தில் இருக்கிறது பாப்லர். நமக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி 17ம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு தேவாலயம் கட்டியது. கம்பெனிக் கப்பல்களுக்காக 1806ல் ஈஸ்ட் இந்தியா டாக் திறந்தார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால் வெஸ்ட் இந்தியா டாக். கீழை நாடுகளின் சரக்கு இந்த ஊரில்தான் இறங்கியது. இறக்கியவர்கள் தினக்கூலிகள். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. சரக்கின் லாபம் போன இடம் வேறு, சரக்கைச் சுமந்தவன் குடியிருந்த இடம் வேறு. இந்த ஒரு வரியில் பாப்லரின் மொத்த வரலாறும் அடங்கிவிடும்.

1899ல் வந்த லண்டன் அரசுச் சட்டப்படி 1900ல் போ, ப்ராம்லி, பாப்லர் என்ற மூன்று பகுதிகளைச் சேர்த்து 'பாப்லர் மெட்ரோபாலிட்டன் பரோ' உருவானது. மறு வருஷமே அதன் மேயரானவர் வில் குரூக்ஸ். லண்டனின் முதல் தொழிலாளர் மேயர். சிறுவயதில் குடும்ப வறுமையால் ஏழை விடுதிக்கு (வொர்க்ஹவுஸ்) அனுப்பப்பட்டவர். அந்த விடுதி எப்படி இருக்கும் என்பது அவருக்கு உள்ளே இருந்து தெரியும்.

1917 ஜூன் 13ம் தேதி ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டு இங்கே அப்பர் நார்த் தெரு பள்ளிக்கூடத்தில் விழுந்து 18 குழந்தைகள் இறந்தார்கள். போர் முடிந்து அடுத்த வருஷம், 1919 நவம்பரில் நகராட்சித் தேர்தல். மொத்தம் 42 இடங்களில் 39 லேபர் கட்சிக்கு. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயர். ரயில்வே, துறைமுகம், தபால் என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்தார்கள். 1920ல் நகராட்சி ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வாரம் 4 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். ஆணுக்கும் 4, பெண்ணுக்கும் 4. பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வந்தது 1970ல். தேசியக் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தது 1999ல். பாப்லர் எத்தனை வருஷம் முன்னால் நடந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

இப்போது அந்த 'ரேட்ஸ்' சமாச்சாரம். கொஞ்சம் போரடிக்கும்தான், ஆனால் அநியாயம் முழுக்க இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அன்றைக்கு உள்ளாட்சிகளின் முக்கிய வருமானம் ரேட்ஸ் என்ற சொத்து வரி. கட்டடத்தின் வாடகை மதிப்பில் ஒரு பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் என்று போடுவார்கள். கேட்க நியாயமாக இருக்கிறதா? ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம்.

ஒரு ஏழை ஊரின் மொத்த வாடகை மதிப்பு 10 லட்சம் பவுண்டு. ஒரு பணக்கார ஊருக்கு 1 கோடி. இரண்டு ஊருக்கும் ஏழை நிவாரணத்துக்கு 1 லட்சம் பவுண்டு வேண்டும். ஏழை ஊர் பவுண்டுக்கு 2 ஷில்லிங் வரி போட வேண்டும். பணக்கார ஊர் இரண்டரை பென்னிகூடப் போட வேண்டாம். (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) அதாவது ஏழை பத்து மடங்கு வரி கட்டுகிறான். இதுவும் இரண்டு ஊரிலும் ஏழைகள் சம எண்ணிக்கையில் இருந்தால். நிஜத்தில் அப்படியா இருக்கும்? ஏழை ஊரில்தான் ஏழைகள் அதிகம். வேலையில்லாத் திண்டாட்டம் வந்தால் செலவு ஏறும், அதே சமயம் வரி கட்டுகிறவர்கள் குறைவார்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்கு அந்தக் கவலையே இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பணக்காரனின் கம்பெனிக்கு மூட்டை தூக்கியவன் வேலை போனால், அவனுக்குச் சோறு போடும் பொறுப்பு அவன் பக்கத்து வீட்டு மூட்டைத் தொழிலாளிக்கு!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. லண்டன் ஊர்களெல்லாம் ஏழைச் செலவைப் பகிர்ந்துகொள்ள 1867லிருந்தே ஒரு பொது நிதி இருந்தது. ஆனால் அது பங்கு தந்தது விடுதிக்குள் அடைத்து வைத்த ஏழைக்கு. வீட்டிலேயே இருக்கும் ஏழைக்கு உதவினால் அந்தச் செலவு முழுக்க அந்த ஊர் தலையில். அதாவது குடும்பத்தைப் பிரித்து, புருஷனை ஒரு பக்கம் பெண்டாட்டியை ஒரு பக்கம் அடைத்தால் பணக்கார ஊர்கள் காசு தரும். வீட்டிலேயே வைத்து ரொட்டிக்குக் காசு கொடுத்தால் தராது.

1920 கடைசியில் பெரும் மந்தம் தொடங்கியது. துறைமுக வேலை படுத்தது. சுமார் 1,60,000 பேர் வாழ்ந்த ஊரில் வேலையில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். பாப்லருக்கு முன்னால் மூன்று வழி. வரியை இன்னும் ஏற்றி ஏழைக் கடைக்காரனையும் குடித்தனக்காரனையும் நசுக்கலாம். நிவாரணத்தை வெட்டலாம். மூன்றாவது, அப்படியே நின்று 'முடியாது' என்று சொல்லலாம்.

1921 மார்ச்சில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாப்லர் தனக்கு மட்டும் வரி வசூலிக்கவில்லை. லண்டன் கவுன்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய அசைலம்ஸ் போர்டு என்று நான்கு பெரிய அமைப்புகளுக்காகவும் வசூலித்துக் கொடுத்து வந்தது. இனி அந்த நான்குக்கும் வசூலிக்க மாட்டோம், எங்கள் ஏழைகளுக்கு மட்டும் வசூலிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த அமைப்புகள் மேல் கோபமா? இல்லை. மரத்தை உலுக்க எட்டுகிற உயரத்தில் இருந்த கிளை அதுதான்.

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29ம் தேதி கவுன்சிலர்கள் நீதிமன்றத்துக்கு நடந்தே போனார்கள். முன்னால் நகராட்சிச் செங்கோல், பின்னால் ஆயிரக்கணக்கில் ஊர் ஜனம். உயர் நீதிமன்றத்துக்குப் போகிறோம், ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்று பேனரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஒளிவுமறைவே இல்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் கைது. ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் ஹாலோவே சிறைக்கு. பெண்களில் நெல்லி கிரெஸ்ஸால் நிறைமாதக் கர்ப்பிணி. ஜூலியா ஸ்கர், சூசன் லாரன்ஸ், ஜென்னி மெக்கே, லான்ஸ்பரியின் மருமகள் மின்னி லான்ஸ்பரி எல்லோரும் உள்ளே. அங்கேயும் விடவில்லை. நகராட்சிக் கூட்டத்தைப் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடத்தினார்கள். பெண் உறுப்பினர்களை ஹாலோவேயிலிருந்து காரில் கூட்டி வந்தார்கள். வெளியே பக்கத்து பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் க்ரீனும் நாங்களும் இதே வழியில் இறங்குவோம் என்று தீர்மானம் போட்டன. அரசாங்கத்துக்கு வியர்த்தது. அக்டோபர் 12ல் எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் பார்லிமென்டில் அவசர அவசரமாக ஒரு சட்டம். வீட்டில் இருக்கும் ஏழைக்குத் தரும் நிவாரணமும் இனி லண்டன் பொது நிதியிலிருந்து. ஏழை ஊர்களின் பாரம் இறங்கியது, பணக்கார ஊர்களின் பங்கு ஏறியது.

ஆறு வாரச் சிறை. அதற்கு விலையும் கொடுத்தார்கள். மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி 1ம் தேதி நிமோனியாவில் இறந்துபோனார். வயது 32. சிறைதான் உடம்பைக் கெடுத்தது என்று ஊர் நம்பியது. போ சாலையில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இன்றும் இருக்கிறது.

*

இனி பாப்லரைத் திட்டுகிறவர்களின் வாதங்களுக்கு வருவோம். அன்றும் இன்றும் இவை மாறவே இல்லை.

வாதம் ஒன்று: 'சட்டம் சட்டம்தான். பிடிக்கவில்லை என்றால் மாற்றப் பாடுபடு, மீறாதே.' லேபர் கட்சிக்குள்ளேயே ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மாரிசன் இந்தக் கட்சி. சட்டத்தை மீறினால் நம்மிடம் ஆட்சியைத் தர மக்கள் பயப்படுவார்கள் என்பது அவர் கவலை.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம். ஆனால் லான்ஸ்பரி முறைப்படி கேட்காதவரா? 1905லிருந்து 1909 வரை ஏழைச் சட்ட ராயல் கமிஷனில் உறுப்பினராக உட்கார்ந்தவர். பியாட்ரிஸ் வெப்புடன் சேர்ந்து சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். கமிஷன், அறிக்கை, மனு, தூதுக்குழு எல்லாம் ஆயிற்று. 1909லிருந்து 1921 வரை பன்னிரண்டு வருஷம் அந்தப் பாரம் அப்படியே கிடந்தது. ஆறு வாரச் சிறைக்குப் பிறகு நகர்ந்தது. 'பொறுமையாகக் கேள்' என்று சொல்கிறவர் எப்போதும் பசி இல்லாதவராகவே இருப்பது தற்செயல் இல்லை.

வாதம் இரண்டு: 'இன்றைக்கு ஏழை ஊர் மீறினால், நாளைக்குப் பணக்கார ஊரும் ஏழைக்குக் கொடுக்க மாட்டேன் என்று மீறுமே?' இது நல்ல கேள்வி. ஜல்லியடித்துத் தாண்டக் கூடாது. அசைலம்ஸ் போர்டு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களும் ஏழைகள்தான். அந்தப் பணம் ரொம்ப நாள் நின்றிருந்தால் அடி விழுவதும் அவர்கள் மேல்தான். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பாப்லர் மீறுவதற்கு முன்னாலேயே ஊரறியச் சொன்னது. மீறியவர்கள் தண்டனையைத் தங்கள் உடம்பால் வாங்கிக்கொண்டார்கள். கேட்டது தங்களுக்குச் சலுகை இல்லை, எல்லா ஏழை ஊர்களுக்கும் பொருந்தும் விதி. இந்த மூன்று சோதனையிலும் தேறுகிற பணக்கார ஊர் ஒன்று வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பணக்கார ஊர்களுக்குச் சட்டத்தை மீறும் அவசியமே வராது, சட்டமே அவர்களுக்காகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம். இதே 1921ல் இந்தியாவில் ஒத்துழையாமை இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அதை வீரம் என்று படிக்கிற நாம் இதை மட்டும் பொறுப்பின்மை என்று சொன்னால் எப்படி? (பத்து வருஷம் கழித்து, 1931ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி தங்கியது எந்த ஊரில் தெரியுமா? பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, இதே பாப்லர் பரோவுக்குள் இருந்த கிங்ஸ்லி ஹாலில்.)

வாதம் மூன்று: 'ஊதாரித்தனம்.' இதற்கு நீதிமன்ற முத்திரையே கிடைத்தது. விலைவாசி இறங்கிய பிறகும் அந்த 4 பவுண்டு கூலியைக் குறைக்காததற்காகத் தணிக்கையாளர் 5,000 பவுண்டைக் கவுன்சிலர்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும் என்றார். வழக்கு ஒரு நீதிமன்றத்தில் தோற்று, அடுத்ததில் ஜெயித்து, 1925ல் பிரபுக்கள் சபையில் மறுபடி தோற்றது. சபை சொன்னதன் சாரம்: வரி கட்டுகிறவனின் பணத்துக்கு நகராட்சி அறங்காவலர் மாதிரி, சந்தைக் கூலிக்கு மேல் கொடுத்தால் அது சம்பளமில்லை, தானம். ஆண் பெண் சமக் கூலியைப் பெண்ணிய ஆசை என்று ஒரு நீதிபதி கிண்டலடித்தார்.

வரி கட்டுகிறவர்கள்தான் ஓட்டுப் போட்டு இந்தக் கவுன்சிலை உட்கார வைத்தார்கள். கைதான பிறகும் அவர்கள் பக்கம் நின்றார்கள். அப்படியிருக்க, யாருடைய பணத்தை யாரிடமிருந்து நீதிபதிகள் காப்பாற்றினார்கள்? தீர்ப்பு அதோடு சாகவில்லை. 1981ல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் பஸ், ரயில் கட்டணத்தைக் குறைத்தபோது, அதைச் சட்டவிரோதம் என்று அடிக்க இதே பாப்லர் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

*

தண்டிப்பது ஒரு வழி. இன்னொரு வழி, வரைபடத்தை மாற்றுவது.

நிவாரணம் கொடுத்த கார்டியன்ஸ் போர்டுகளைக் கலைக்க 1926ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார் நெவில் சேம்பர்லின். சொன்ன பேச்சு கேட்காத போர்டை நீக்கி, நியமன ஆட்களை உட்கார வைக்கலாம். பக்கத்து வெஸ்ட் ஹாமில் அதைத்தான் செய்தார்கள். பிறகு 1929 சட்டத்தில் அந்த போர்டுகளையே மொத்தமாக ஒழித்தார்கள். ஏழைகள் ஓட்டுப் போட்டுப் பிடித்த ஒரு அமைப்பு காணாமல் போனது.

1965ல் பாப்லர் பரோவின் முறை. பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் க்ரீன் மூன்றையும் சேர்த்து டவர் ஹாம்லெட்ஸ் ஆக்கினார்கள். சொன்ன காரணம், நிர்வாக வசதி. லண்டன் முழுக்க நடந்த மாற்றம்தான், பாப்லரைப் பழிவாங்க என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய நிர்வாகம் என்றால் நல்ல நிர்வாகம் என்ற மூடநம்பிக்கையை யாராவது சோதித்தார்களா? ஐந்தே வருஷத்தில், 1970ல், பழைய பாப்லரின் தென்முனையான ஐல் ஆஃப் டாக்ஸ் ஜனங்கள் எங்களைக் கேட்பார் இல்லை என்று சாலையை மறித்துத் 'தனி நாடு' அறிவித்துப் போராடினார்கள்.

சின்ன டவுன் ஒன்றின் கதையும் இதே மாதிரிதான். டெர்பிஷயரில் க்ளே க்ராஸ். நகராட்சி வீடுகளின் வாடகையை ஏற்றச் சொன்ன 1972 சட்டத்தை அந்த ஊர் கவுன்சில் ஏற்கவில்லை. 11 கவுன்சிலர்கள் மேல் அபராதம், பதவி பறிப்பு. 1974 சீரமைப்பில் கவுன்சிலே இல்லை, பெரிய மாவட்டத்துக்குள் கரைந்துபோனது. எண்பதுகளில் லிவர்பூல், லாம்பெத் கவுன்சிலர்கள் மேலும் இதே அபராத ஆயுதம். அது ஒருவழியாக 2000ல்தான் சட்டத்திலிருந்து போனது. அந்த வகையில் பாப்லர் சரி என்று ஒப்புக்கொள்ள முக்கால் நூற்றாண்டு பிடித்தது. மன்னிப்பு மட்டும் இல்லை.

*

கடைசியாக ஒரு வேடிக்கை.

துறைமுகங்கள் மூடின. 1981ல் அந்தப் பகுதியின் திட்டமிடும் அதிகாரத்தை உள்ளூர் கவுன்சிலிடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு வளர்ச்சிக் கழகத்திடம் கொடுத்தார்கள். வெஸ்ட் இந்தியா டாக் இருந்த இடத்தில் கேனரி வார்ஃப் எழுந்தது. வங்கிகள், கண்ணாடிக் கோபுரங்கள். 1921ல் வாடகை மதிப்பே இல்லை என்று நசுங்கிய அதே மண், இப்போது பிரிட்டனின் மிக விலையுயர்ந்த அலுவலக நிலங்களில் ஒன்று. அதே டவர் ஹாம்லெட்ஸ், குழந்தை வறுமை நாட்டிலேயே மிக அதிகமான பகுதிகளிலும் ஒன்று. அந்தக் காலத்தில் பணம் வெஸ்ட்மின்ஸ்டரில், பசி பாப்லரில். இப்போது இரண்டும் ஒரே தெருவில், நடுவில் ஒரு ரயில் பாதை.

இங்கிலாந்தில் இப்போதும் மாவட்டக் கவுன்சில்களை ஒழித்துப் பெரிதாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது. 2023 ஏப்ரலில் கம்ப்ரியா, நார்த் யார்க்ஷயர், சாமர்செட்டில் பழைய மாவட்டங்கள் போயின. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை மிச்சமிருக்கும் இரண்டடுக்குப் பகுதிகளையும் மாற்றச் சொல்கிறது. இன்னொரு பக்கம் 2023ல் பர்மிங்காம் மாதிரிப் பெரிய கவுன்சிலே கையில் காசில்லை என்று அறிவித்து நூலகத்திலும் சமூக நலத்திலும் கை வைத்தது. பெரிதாக இருந்தால் தப்பிக்கலாம் என்றால், ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சிகளில் ஒன்றுக்கு ஏன் அந்தக் கதி? பர்மிங்காமின் சொந்தத் தவறுகளும் அதில் உண்டு, சரி. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பேசுகிறவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பணத்தைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

பாப்லர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அபராதத்தாலும் தீர்ப்பாலும் அதற்குப் பதில் சொன்னார்கள். கேட்ட நகராட்சியையும் பிறகு இல்லாமல் ஆக்கியாயிற்று. கேள்வி மட்டும் போ சாலையில், மின்னியின் கடிகாரத்துக்குக் கீழே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அகராதிக்காரர்கள் அடுத்த பதிப்பில் 'பாப்லரிசம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்க்கலாம்: ஏழைக்கு ஓட்டுப் போட்டதற்குக் கணக்குக் காட்டுவது.